அப்பத்தாவின் மாட்டுப்பட்டி

மலருக்கு நீங்களும் ஒரு கட்டுரை எழுதுங்க அக்கா என்றார்கள். சேமிப்பு, கடன் கணக்கையெல்லாம் மற்றவர்கள் எழுதுவார்கள். நான் எங்கள் அப்பத்தாவைப் பற்றி எழுதுகிறேன். அதுவும் நம்ம வரலாறுதான்.

கம்பத்துக்கு மேற்கே மலை அடிவாரத்தில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் மேட்டுக்காடு இருந்தது. மாட்டுப்பட்டி அங்கேதான். 1895-ல் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்தது. இன்றைக்கும் 14,707 ஏக்கரில் இருபோக நெல் அந்தத் தண்ணீரில்தான். ஆனால் தண்ணீர் பள்ளத்தில்தானே ஓடும், மேட்டுக்கு ஏறுமா? ஆனி, ஆடியில் மலைக்கு அந்தப் பக்கம் மழை கொட்டும். எங்க பக்கம் வெறும் காத்தும் சாரலும். பாலைவனம்னு சொல்ல முடியாது. ஆனால் மாசி, பங்குனியில் அப்பத்தாவுக்கு அது பாலைவனம்தான். ஓடையில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் மொண்டு மொண்டு குடத்தை நிரப்புவாள்.

சுதந்திரம் வருவதற்கு முந்தி வாக்கப்பட்டு அங்கே வந்தவள். கல் அடுக்கிய சுவர், புல் வேய்ந்த கூரை, பக்கத்தில் முள் அடைத்த பட்டி. மலைமாடு பாலுக்கு ஆகாது. கன்னு குடிச்சது போக ஆழாக்குத் தேறினால் பெரிசு. எருவுக்கும் உழவு காளைக்கும்தான் அந்த மாடு. ஆம்பளைகள் மாட்டை மலைக்கு ஏற்றினால் இறங்க நாள்கணக்காகும். பட்டியில் இளங்கன்றுகளும் அப்பத்தாவும் மட்டும். செந்நாய் சத்தம் கேட்டால் தகரத்தைத் தட்டிக்கொண்டே விடிய விடிய உட்கார்ந்திருப்பாளாம். கோமாரி வந்த வருசம் தேங்காயும் கருப்பட்டியும் அரைத்து ஒவ்வொரு மாட்டு நாக்கிலும் தடவினாள். எங்க அப்பா பிறந்ததும் அந்தப் பட்டியில்தான். தொப்புள்கொடி அறுக்கக்கூட ஆள் இல்லை.

அறுப்பு முடிந்ததும் கீழே வயல்களில் கிடை போடுவார்கள். எந்த வயலில் எத்தனை ராத்திரி, எத்தனை மரக்கால் தானியம் பாக்கி என்பதெல்லாம் அப்பத்தா கணக்கு. எழுத்துத் தெரியாது. சுவரில் கரிக்கோடு போடுவாள். ஒரு கோடு தப்பினதில்லை.

என் மகள் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படிக்கிறாள். ஒருநாள், "அம்மா, அப்பத்தா மாதிரியே ஒருத்தி அமெரிக்காவுல இருந்திருக்கா" என்றாள். எலினோர் புரூயிட் ஸ்டூவர்ட். கணவரைப் பிரிந்து, சின்ன மகளோடு டென்வர் நகரத்தில் துணி வெளுத்துப் பிழைத்தவர். 1909-ல் வயோமிங் வறண்ட மேட்டுநிலத்தில், பர்ன்ட்ஃபோர்க் என்ற இடத்தில் மாட்டுப்பண்ணை வைத்திருந்தவரின் வீட்டு வேலைக்குப் போனார். ஆள் கிடைக்காத பருவத்தில் புல் அறுக்கும் எந்திரத்தில் தானே ஏறி உட்கார்ந்தார். தினம் ஏழு மாடு கறந்தார். சமையல் ராத்திரியில். இதையெல்லாம் பழைய முதலாளியம்மாவுக்குக் கடிதமாக எழுத, 1914-ல் அது புத்தகமாக வந்தது.

என்னை நிறுத்தியது வேறொன்று. அங்கே 1862-ல் ஒரு சட்டம் போட்டார்கள். ஐந்து வருசம் குடியிருந்து பண்படுத்தினால் 160 ஏக்கர் வரை சொந்தம். தனியாக இருக்கிற பெண்ணும் தன் பேரிலேயே கேட்கலாம். (அந்த மண்ணில் முந்தி இருந்த பழங்குடிகளைத் தள்ளிவிட்டுத்தான் அவ்வளவும். நம்ம மலையிலும் நமக்கு முந்திப் பளியர்கள் இருந்தார்கள்.) எலினோரும் மனுப் போட்டார். கொஞ்ச நாளில் அந்தப் பண்ணைக்காரரையே கட்டிக்கொண்டார். புருசனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு இடத்தில் குடியிருந்தால்தான் இரண்டு நிலம் என்று விதி. 1912-ல் தன் நிலத்தை மாமியார் பேருக்கு விட்டுக்கொடுத்தார்.

எங்க அப்பத்தாவுக்கு விட்டுக்கொடுக்கவும் எதுவும் இல்லை. பட்டா தாத்தா பேரில். தாத்தாவுக்குப் பிறகு அப்பா பேரில். கல் பொறுக்கிக் காட்டைத் திருத்தியவள் பேர் ஒரு காகிதத்திலும் கிடையாது, ரேசன் கார்டைத் தவிர.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1989-ல் தமிழ்நாட்டுச் சட்டம் இந்துக் குடும்பங்களில் பரம்பரைச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு தந்தது. ஆனால் அந்த வருசம் மார்ச் 25-க்கு முந்திக் கல்யாணம் ஆனவர்களுக்கு இல்லை. எனக்கு 1986-லேயே கல்யாணம். 2005-ல் மத்தியச் சட்டம் அந்தத் தடையை எடுத்தது. அதற்குள் 2003-ல் நான் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருந்தேன். சீலை எடுத்துக் கொடுத்தார்கள், சாப்பாடு போட்டார்கள். என்ன எழுதியிருக்கு என்று நானும் கேட்கவில்லை, அவர்களும் வாசிக்கவில்லை. 2004 டிசம்பர் 20-க்கு முந்திப் பதிவாகிக் கைமாறியதை இந்தச் சட்டம் தொடாது என்று வக்கீல் சொன்னார்.

மாடுகளும் இப்போது இல்லை. 2021-ல் மேகமலை புலிகள் காப்பகம் ஆனது. அடுத்த வருசம் காப்பகத்துக்குள் மேய்க்கக் கூடாதென்று உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அண்ணன் கடைசி எட்டு உருப்படியையும் விற்றுவிட்டார். காட்டைப் பார்க்க நான் போவதில்லை.

போன தை மாசக் கூட்டத்தில் ஒரு தங்கச்சி மடியில் ஒரு பத்திரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மறுநாள் கம்பத்தில் பதிவாம், அண்ணன்மார் வரச்சொன்னார்களாம். வாங்கி வாசித்தோம். விடுதலைப் பத்திரம். கடன் வசூலைத் தள்ளி வைத்துவிட்டு ஒவ்வொரு வரியாக இரண்டு தடவை சத்தமாக வாசித்தோம். சர்வே நம்பர் வந்த இடத்தில், "அது எங்க கிணத்து மேடுல்ல" என்றாள். அப்புறம் ஒன்றும் பேசவில்லை. பத்திரத்தை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டு போனாள். மறுநாள் பதிவுக்குப் போகவில்லை. கேட்டால், "யோசிக்கிறேன் அக்கா" என்கிறாள்.