மேற்குத் தொடர்ச்சி மலையின் டயட்டம்கள்

மலையோடையில் இறங்கும்போது காலை வழுக்கிவிடும் பழுப்புப் படலத்தைப் பாசி என்று சொல்லி நகர்ந்துவிடுகிறோம். அந்தப் படலத்தில் பெரும்பங்கு டயட்டம். இது ஒற்றைச் செல் உயிரி. சிலிக்காவால் ஆன இதன் ஓட்டின் இரு பாதிகளும் சம்புடமும் மூடியும் போல ஒன்றுக்குள் ஒன்று செருகியிருக்கும். 'இரண்டாக வெட்டுண்டது' என்னும் பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து பெயர் வந்தது. டயட்டத்தைப் பற்றிய முதல் பதிவு, பெயர் குறிப்பிடாத ஓர் ஆங்கிலேயரின் கடிதமாக 1703-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளியானது.

மேற்குத் தொடர்ச்சி மலையில் டயட்டம் ஆய்வு தாமதமாகவே வேர் பிடித்தது. 1930-ல் ஜெர்மானியரான குஸ்தாவ் ஹுஸ்டெட் மத்திய ஐரோப்பிய டயட்டம்களுக்கு எழுதிய கையேடு உலகெங்கும் பயன்பட்டது. அடுத்து, 1928–29-ல் ஜாவா, சுமத்ரா, பாலி தீவுகளில் ஜெர்மானியக் குழு திரட்டிய மாதிரிகளை அவரே ஆராய்ந்து, 1937 முதல் 1939 வரை பகுதி பகுதியாக வெளியிட்டார். வெப்பமண்டல மலைநீருக்கென்று தனி டயட்டம்கள் உண்டு என்பதற்கு அதில் சான்றுகள் நிறைய இருந்தன. இருந்தாலும் ஐரோப்பியப் படத்தோடு ஏறக்குறைய ஒத்துப்போனால் அதே பெயரை எழுதிவிடும் பழக்கம் நெடுநாள் நீடித்தது. நுண்ணுயிர் எங்கும் இருக்கும் என்ற கருத்தும் அதற்குத் துணைபோனது.

இங்கே அந்தப் பழக்கத்துக்குப் பெரிதும் விலக்காக நின்றவர் எச்.பி. காந்தி. 1950-களில் கோலாப்பூர், ராதாநகரி, சாகர் பகுதிகளின் நன்னீர் டயட்டம்களைப் பற்றி எழுதத் தொடங்கி, 1966-லும் 1970-லும் ஜோக் அருவியின் டயட்டம்களைப் பட்டியலிட்டார். ஒளி நுண்ணோக்கியும் கையால் வரைந்த படமுமே அவருக்குக் கருவிகள். ஏறத்தாழ 300 புதிய வகைகளுக்குப் பெயரிட்டார். உள்ளூர் வடிவம் மாறுபட்டிருக்கிறது என்று தோன்றினால் துணிந்து தனிப்பெயர் கொடுத்தார். அவற்றில் சில நிற்காமல் போகலாம், ஆனால் பார்த்ததைப் பார்த்தபடி வரைந்த கை அது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் டி.வி. தேசிகாச்சாரி 1980-களின் பிற்பாதியில் வெளியிட்ட டயட்டம் படத்தொகுப்பு பெரும்பாலும் கடல் வடிவங்களைப் பற்றியது. மலைநீருக்குக் காந்தியின் கட்டுரைகளே நெடுங்காலம் ஆதாரமாக இருந்தன.

புதிய சிற்றினம் என்று சொல்ல எவ்வளவு வேலை இருக்கிறது என்பது வெளியே தெரிவதில்லை. ஓடைக் கல்லைப் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துப் படலத்தைக் கழுவி எடுப்பார்கள். அமிலத்தில் சூடாக்கினால் உயிர்ப்பொருள் அழிந்து ஓடு மட்டும் மிஞ்சும். அதைக் கண்ணாடித் தகட்டில் பதித்து நீளம், அகலம் அளந்து, ஓட்டின் மேல் 10 மைக்ரோமீட்டருக்குள் எத்தனை வரிகள் என்று எண்ணுவார்கள். வரிகளுக்குள் இருக்கும் துளைகளைக் காண எலக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும். சிக்கல் அதோடு தீராது. செல் பிரியும்போது ஒவ்வொரு பாதியும் தனக்குள் பொருந்தும் இன்னொரு பாதியை உருவாக்கிக்கொள்வதால், தலைமுறைக்குத் தலைமுறை சராசரி அளவு சுருங்குகிறது. பாலினப் பெருக்கத்தில்தான் பழைய அளவு திரும்பும். அதனால் ஒரே சிற்றினம் நீளமாகவும் குட்டையாகவும் கிடைக்கும், ஓரத்தின் வளைவும் மாறும். ஒரு ஓட்டை மட்டும் பார்த்துப் பெயர் வைத்தவர்கள் ஒரே உயிரிக்கு இரண்டு பெயர் வைத்த கதையும் உண்டு. பெரியது முதல் சிறியது வரை வரிசையாகக் காட்டுவதே இன்றைய முறை. 2011 இறுதிவரை இலத்தீன் விளக்கமும் கட்டாயமாக இருந்தது.

2010-க்குப் பிறகு வேலை சூடுபிடித்தது. இந்தியாவின் கோம்போனீமா பேரினத்தைப் பட்டியலிட்டு மூன்று புதிய சிற்றினங்களை விவரித்த கட்டுரை 2011-ல் வந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து வட்டவடிவ டயட்டம்கள் நான்கும் அதே ஆண்டில் விவரிக்கப்பட்டன. 2012-ல் காந்தியின் கோலாப்பூர் கோம்போனீமாக்கள் மறுஆய்வு செய்யப்பட்டன, அவர் நினைவாக கோம்போனீமா காந்தியை என்ற பெயரும் சூட்டப்பட்டது.

2019-ல் செம்புரைக்கல் பாறைக் குழிகளிலிருந்து ஒரு புதிய பேரினமே கிடைத்தது. ரஷ்ய டயட்டம் ஆய்வாளர் மக்சிம் குலிகோவ்ஸ்கியின் பெயரால் அதற்குக் குலிகோவ்ஸ்கியியா என்று பெயர். அதன் சிற்றினப் பெயரான ட்ரையண்டுலேட்டா மூன்று அலைகளைக் குறிக்கும். அந்தக் குழிகள் தென்மேற்குப் பருவமழையில் நிரம்பும், மழை ஓய்ந்தால் வற்றி வெயிலில் காயும். ஆறுகளிலும் ஏரிகளிலும் மட்டுமே தேடியவர்களுக்கு இது கிடைத்திருக்காது.

அண்மையில் அறிவிக்கப்பட்ட இண்டிகோனீமா என்ற பேரினம் இன்னொரு வியப்பு. கோம்போனீமா போன்ற டயட்டம்களில் நுண்துளைத் தொகுதி ஓட்டின் அடிமுனையில் மட்டும் இருக்கும், இதில் தலைமுனையிலும் இருக்கிறது. இதன் ஒரு சிற்றினம் கிழக்குத் தொடர்ச்சி மலையிலும் மற்றொன்று மேற்குத் தொடர்ச்சி மலையிலும் கிடைத்தன. ஓட்டின் அமைப்பை வைத்து இதற்கு மிக நெருங்கிய உறவு என்று ஆய்வாளர்கள் முன்வைப்பது ஆஃப்ரோசிம்பெல்லா. அந்தப் பேரினம் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கே உரியது.