அரைகுறை வரியைப் படிக்கப் பழகிய கம்பைலர்

நிரல் எழுதுபவர் ஒரு சொல்லின் முதல் இரண்டு மூன்று எழுத்துகளைத் தட்டியதும் அடுத்து வரக்கூடியவற்றை எடிட்டரே பட்டியலிட்டுக் காட்டும் வசதிக்கு நிரல் நிறைவாக்கம் என்று பெயர். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பிபிஎன் நிறுவனம் பிடிபி-10 கணினிக்காக எழுதிய டெனெக்ஸ் இயங்குதளத்திலேயே, கட்டளையின் ஒரு பகுதியைத் தட்டி எஸ்கேப் விசையை அழுத்தினால் மீதி தானாக நிரம்பியது. 1996இல் மைக்ரோசொப்ட் இன்டெலிசென்ஸ் என்ற பெயரில் இதனை விஷுவல் பேசிக்கிற்குக் கொண்டுவந்தபோது சிக்கலின் தன்மை மாறியது. கட்டளைப் பெயர்களை ஒரு நிலையான பட்டியலிலிருந்து எடுத்துத் தரலாம், ஆனால் ஒரு மாறிக்குப் பின் புள்ளி வைத்தவுடன் என்ன வரலாம் என்று சொல்ல, அந்த மாறி எவ்வகையைச் சேர்ந்தது என்பதை அறிந்திருக்க வேண்டும்.

இச்சிக்கலைக் கொழும்பு தன் சொந்த மொழியொன்றின் வழியாகவே எதிர்கொண்டது. சஞ்சீவ வீரவரணவும் போல் ஃபிரிமன்டலும் பிறரும் 2005இல் நிறுவிய டபிள்யூஎஸ்ஓ2, வெவ்வேறு மென்பொருள்களை ஒன்றோடொன்று பேச வைக்கும் ஒருங்கிணைப்புத் தொழிலில் வளர்ந்தது. அத்தொழிலில் எக்ஸ்எம்எல் கோப்புகளாகக் குவிந்த அமைப்புக் குறிப்புகளுக்கு மாற்றாக, 2015இல் அந்நிறுவனத்தார் பலரினா என்ற நிரல்மொழியைத் தொடங்கினர். 2017இல் அறிவிக்கப்பட்டு, 2019 செப்டெம்பரில் 1.0 பதிப்பாக வெளிவந்த அம்மொழி, பிறந்த காலத்தால் ஒரு நற்பேறு பெற்றது. 2016 ஜூனில் மைக்ரோசொப்ட், ரெட் ஹற், கோடென்வி ஆகிய மூன்றும் மொழிச் சேவையக நெறிமுறையை அறிவித்திருந்தன. எடிட்டர், இடக்குறியின் வரி எண்ணையும் அவ்வரிக்குள் அதன் நிலையையும் அனுப்ப, மொழியை அறிந்த தனிச் சேவையகம் பொருத்தமான பெயர்களைத் திருப்பி அனுப்பும் பொது ஏற்பாடு அது. நான்கு மொழிகளுக்கும் ஐந்து எடிட்டர்களுக்கும் முன்பு 20 இணைப்புகள் தேவைப்பட்டன. இனி 9 போதும். பெருநிறுவனப் படைபலம் இல்லாத ஒரு புதிய மொழிக்கு இக்கணக்கே வாழ்வாதாரம் என்று சொல்லலாம்.

நெறிமுறை கடிதத்தைக் கொண்டுசேர்க்குமே தவிர, பதிலை எழுதித் தராது. கம்பைலர், அதாவது நிரலைக் கணினி இயக்கத்தக்க வடிவுக்கு மாற்றும் மென்பொருள், மரபாகவே பிழையான வரியை மறுக்கப் பழகியது. நிறைவாக்கமோ எப்போதும் முற்றுப்பெறாத, ஆகவே பிழையான வரியிலிருந்தே கேட்கப்படுகிறது. பலரினாவின் முந்தைய இலக்கணப் பகுப்பி அன்ட்லர் என்ற கருவியால் ஆக்கப்பட்டது. 2022 பெப்ரவரியில் முழுமையாக வெளியான ஸ்வான் லேக் பதிப்பில், விடுபட்ட சொல்லுக்கும் இடம் விட்டுப் பகுப்பைத் தொடர்ந்து, இடைவெளிகளையும் குறிப்புரைகளையும்கூட இழக்காமல் மரவடிவில் காக்கும் புதிய பகுப்பி அதன் இடத்தைப் பிடித்தது. நிரலை வரைபடமாகவும் காட்டி, வரைபடத்தில் செய்த மாற்றத்தை எழுத்திலும் சிதையாமல் பதிக்க வேண்டும் என்ற பழைய கனவுக்கும் அம்மரம் தேவைப்பட்டது. இம்மொழி வரலாற்றில் வெளியீட்டு விழாக்களைவிட இந்த மாற்றமே பெரிது.

தமிழ் எழுதுவோருக்கு இதில் நேரடியாகத் தொடர்புள்ள ஒரு நுணுக்கமும் உண்டு. கொழும்பின் வடகோடியில் களனி கங்கை கடலில் கலக்கும் இடத்திலுள்ள முகத்துவாரத்தின் பெயரை ஒரு நிரலின் வரியில் இட்டால், வாசிப்பவர் காண்பது 7 எழுத்து. நெறிமுறை முதலில் விதித்த யூடிஎஃப்-16 கணக்கில் அது 12 அலகு. யூடிஎஃப்-8இல் 36 பைட்டு. எடிட்டர் ஒரு கணக்கிலும் சேவையகம் மறு கணக்கிலும் எண்ணினால், அதே வரியில் தமிழுக்குப் பின் வைத்த புள்ளிக்கு விடை வேறோர் இடத்திற்கு உரியதாக வந்துவிடும். எந்தக் கணக்கில் எண்ணுவது என்பதை இரு தரப்பும் தொடக்கத்திலேயே பேசி முடிவு செய்துகொள்ள, 2022இல் வந்த 3.17ஆம் பதிப்பே வழி செய்தது.