வரட்சியும் கமக்காரனின் கணக்கும்

உலர்வலயத்துக் கமக்காரன் சோம்பேறி என்பது குடியேற்ற ஆட்சிக்கால உத்தியோகத்தர் பலர் எழுதிவைத்த தீர்ப்பாகும். குளத்து வயலைக் கவனியாது காட்டை எரித்துச் சேனை செய்கிறான், முதல் மழையை வீணாக்குகிறான் என்றனர். இத்தீர்ப்பு நியாயமானதா? வரட்சியை அவன் எவ்வாறு கண்டான் என்பதை அறியாது நாம் விடை கூறல் இயலாது.

அநுராதபுரத்தைச் சூழ்ந்த நுவரகலாவியச் சிற்றூர்களை எடுத்துக்கொள்வோம். ஐப்பசியில் தொடங்கும் பருவமழையே அங்கு பெரும்போகத்தின் ஆதாரம். சிறு குளமோ ஓராண்டு நிரம்பும், மற்றோராண்டு நிரம்பாது. ஆதலால் கமக்காரன் தன் வாழ்வை ஒன்றில் மட்டும் நம்பிவைத்தானல்லன். முதல் மழையோடு சேனையிற் குரக்கன் விதைத்தான். குளத்தில் நீர் சேர்ந்ததைக் கண்ட பின்னரே வயலை உழுதான். குளத்து நீரைக் கண்ணால் அளக்கலாம். இனிப் பெய்யும் மழையை அளத்தல் இயலாது. நெல் பொய்த்தாலும் குரக்கன் உயிர் காக்கும்.

வயல் முழுவதற்கும் நீர் போதாத போகத்தில் 'பெத்ம' என்னும் வழக்கம் கைக்கொள்ளப்பட்டது. குளக்கட்டை அடுத்த வயற்பகுதி மட்டுமே விதைக்கப்படும். அப்பகுதி எல்லாப் பங்காளருக்கும் அவரவர் பங்கின் விகிதப்படி அந்தப் போகத்துக்கு மட்டும் பிரித்தளிக்கப்படும். தலைவயற்காரன் அறுவடை செய்யக் கடைவயற்காரன் பட்டினி கிடக்கும் நிலை இதனால் தவிர்ந்தது. ஆயினும் இதனைப் பூரண சமத்துவமெனப் போற்றுதல் பொருந்தாது. பங்குள்ளவனுக்கே பங்கு, நிலமற்றவனுக்குச் சேனையே கதி.

அந்தக் கதியின்மீதே அரசு கைவைத்தது. 1832இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. கட்டாய ஊழியம் ஒழிந்தது நன்றே. ஆனால் குளம் பேணும் கூட்டுழைப்பை வற்புறுத்தும் அதிகாரமும் உடன் அற்றுப்போயிற்று. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், உரிமைச் சான்று காட்டப்படாத காட்டையும் சேனை நிலத்தையும் முடிக்குரியனவாகக் கொண்டது. 1856ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச்சட்டம் பழைய நீர் வழக்கங்களுக்கு மீண்டும் சட்ட வலுவளித்தது. ஊராரின் கணக்கில் ஒன்றையொன்று தாங்கிய குளமும் சேனையும் அரசின் கணக்கில் வெவ்வேறாயின.

சுதந்திரத்தின் பின்னரும் இப்பிணக்குத் தீரவில்லை. 1970களின் பிற்பகுதியில் அநுராதபுர மாவட்டத்து வலகம்பாகுவ என்னும் ஊரில் ஆராய்ச்சியாளர் ஒரு முறையைச் சோதித்தனர். முதல் மழையிலேயே குறுகியகால நெல்லைப் புழுதியில் விதைத்து, குளத்து நீரை அடுத்த போகத்துக்குச் சேமிப்பதே அம்முறை. விஞ்ஞான நோக்கில் அது செம்மையானது. எனினும் பரவலாக நிலைபெறவில்லை. ஏன்? சேனை வேலையும் அதே கிழமைகளில் வந்தது, களை மிகுந்தது, வரண்ட மண்ணை உழும் வலு எல்லாரிடமும் இருக்கவில்லை. முளைத்த பின் மழை இடைவிட்டால் விதைநெல்லை இழப்பவன் கமக்காரனே அன்றி ஆராய்ச்சியாளனல்லன்.

இங்கேதான் உண்மை புலனாகின்றது. ஆபத்தைப் பற்றிய கமக்காரனின் எண்ணம் மூடநம்பிக்கையன்று. இழப்பை யார் சுமப்பது என்னும் கேள்விக்கு அவன் அநுபவம் அளித்த விடை. அச்சுமையை அவன் தோளிலேயே விட்டுவிட்டுப் புதுமையை ஏற்கவில்லையெனப் பழித்தல் தகாது. அறிவுரை கூறும் அரசு இழப்பிலும் பங்கேற்கட்டும். அதன் பின்னர் கமக்காரனின் துணிவை அளந்து பார்ப்போம்.