கார்பென்ட்ரீஸ் இணையவழிப் பயிலரங்கு

ஆய்வாளர்களுக்கு நிரலாக்கமும் தரவுக் கையாளலும் கற்பிக்கும் 'தி கார்பென்ட்ரீஸ்' அமைப்பு, கோவிட்-19 பெருந்தொற்றின்போது 2020-இல் கைக்கொண்ட வகுப்புமுறை. அமைப்பின் வேர், 1998-இல் தொடங்கிய 'சாஃப்ட்வேர் கார்பென்ட்ரி'.

நேர்வகுப்பு வழக்கமாக இரண்டு நாள். பயிற்றுநர் வரிவரியாக நிரல் எழுத, மாணவர்களும் உடன் தட்டச்சிடுவர். மடிக்கணினியில் ஒட்டும் வண்ணத்தாள் ஒரு நிறத்தில் 'முடித்துவிட்டேன்' என்றும், வேறு நிறத்தில் 'உதவி தேவை' என்றும் சொல்லும். உதவியாளர் அருகே வருவார்.

இணையத்தில் ஜூம் செயலியின் குறியீடுகளும் அரட்டைப் பெட்டியும் அந்தப் பணியை ஏற்றன. தடுமாறியவரை உதவியாளர் தனி அறைக்கு அழைத்து, திரையைப் பகிரச் செய்து பிழையைக் களைந்தார். திரைச்சோர்வைத் தவிர்க்க, பல பயிலரங்குகள் அரைநாள் அமர்வுகளாகப் பிரிக்கப்பட்டன. பயணமின்றித் தொலைவிலிருந்தும் கற்க முடிந்தது இதன் பெரும் நன்மை. பேசத் தயங்கும் மாணவரின் திணறல் கண்ணுக்குத் தப்பியது பெருங்குறை.