பாடாணமும் பதிவேடும்

நம் பெரிய மார்க்கெட்டில் மிளகு வாங்குபவரிடம் எவரும் முகவரி கேட்பதில்லை. திராவகம் விற்பவரோ கேட்டாக வேண்டும். இவ்வழக்கத்தின் வேர் பாடாணத்தில், அதாவது ஆர்சனிக்கில் இருக்கிறது.

1840இல் பிரான்சில், கணவனுக்குப் பாடாணம் கொடுத்ததாக மரி லஃபார்ஜ் தண்டிக்கப்பட்டார். 1845இல் அங்கே நச்சுப்பொருள் விற்பனைக்குச் சட்டம் பிறந்தது. மறு ஆண்டின் அரசாணை, வாங்குவோர் பெயரைப் பதிவேட்டில் எழுதவும் நஞ்சைப் பூட்டிவைக்கவும் பணித்தது. இங்கிலாந்து 1851இல், வெண்பாடாணம் மாவென்று மயங்காதிருக்கக் கரியோ அவுரியோ கலக்கச் சொன்னது. (எளிய யோசனை, நமக்குப் பிடித்ததும் அதுவே.) இந்தியாவின் நச்சுப்பொருள் சட்டம் 1919இல் வந்தது.

ஆயினும் 2012 நவம்பரில், தீபாவளிக்குக் காரைக்கால் வந்திருந்த இளம் பொறியாளர் மீது திராவகம் வீசப்பட்டது. பார்வையிழந்து, மூன்று மாதம் போராடி, 2013 பிப்ரவரியில் இறந்தார். நம் பிரதேசத்தின் மகள் அவர்.

அவ்வாண்டு ஜூலை 18 அன்று, லக்ஷ்மி தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது: வாங்குபவர் அடையாள அட்டையும் காரணமும் காட்ட வேண்டும், பதினெட்டு வயது நிரம்பாதோர்க்கு விற்கலாகாது, இருப்பை மறைத்தால் ரூ.50,000 வரை அபராதம். கல்லூரிகளும் ஆய்வுக்கூடங்களும்கூடத் தப்பவில்லை. அமிலப் பயன்பாட்டுக்குப் பதிவேடு, பாதுகாப்புக்கு ஒரு பொறுப்பாளர், ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியேறும் மாணவர்களைச் சோதித்தல் ஆகியவை கட்டாயமாயின. கடைக்காரரையே குறை கூறிவந்த நம் ஆசிரியர் கூட்டத்துக்கு இப்பகுதிதான் சங்கடமானது. அலமாரிச் சாவி நம்மிடமல்லவா இருக்கிறது!