நான்கு செங்கோடுகள்



மாலை நேரத்தில் எங்கள் ஊர்த் திடலைச் சுற்றி உலாவுவது என் வழக்கம். அங்கே பந்தாடும் சிறுவர்களுள் சிலர் நீலமும் கருஞ்சிவப்பும் மாறி மாறி வரும் பட்டைச் சட்டை அணிந்திருப்பார்கள். அது ஸ்பெயின் நாட்டிலுள்ள பார்சிலோனாக் கால்பந்துக் கழகத்தின் சட்டை. ஒரு நாள் அவர்களுள் ஒருவனை அழைத்து, அவன் மார்பின்மேல் இருந்த சின்னத்தைச் சுட்டி, "தம்பி, இந்தச் சிலுவை எதற்கு? இந்தச் சிவப்புக் கோடுகள் எதற்கு?" என்று கேட்டேன். "அது அவங்க லோகோ, ஐயா" என்றான் அவன். விடை தவறன்று, ஆனால் நிறைவானதும் அன்று. வினா கேட்டே வாழ்நாளைக் கழித்தவனுக்கு அவ்வளவில் விட மனம் வரவில்லை. அவனுக்கு அன்று சொன்னதையே இன்று உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் அந்தச் சின்னத்தை மனக்கண்முன் நிறுத்துங்கள். கேடயம் போன்ற ஒரு வடிவம். அதன் மேற்பகுதியில் இரண்டு கட்டங்கள். ஒன்றில் வெண்ணிறத்தின்மேல் செஞ்சிலுவை. மற்றதில் பொன்னிறத்தின்மேல் நான்கு செங்கோடுகள். நடுவே குறுக்காக ஒரு பட்டை; அதில் எப், சி, பி என்னும் மூன்று எழுத்துகள். கீழே நீலமும் கருஞ்சிவப்புமான பட்டைகள். அவற்றின்மேல் ஒரு பந்து. ஊர், நாடு, பெயர், விளையாட்டு என்னும் நான்கும் இச்சிறு கேடயத்துள் அடங்கிவிட்டன.

இக்கழகம் 1899ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் தோன்றியது. அதைத் தோற்றுவித்த ஹான்ஸ் கம்பர், சுவிட்சர்லாந்திலிருந்து வந்த இளைஞர். அவரோடு சேர்ந்தவர்களுள் ஆங்கிலேயரும் இருந்தனர். உள்ளூர்க் கட்டலோனியரும் இருந்தனர். தொடக்கத்தில் அவர்கள் தமக்கெனத் தனிச் சின்னம் வகுத்துக்கொள்ளாமல், பார்சிலோனா நகரின் சின்னத்தையே அணிந்தார்கள். பின்னர் 1910இல் உறுப்பினர்களிடையே ஒரு போட்டி வைத்தார்கள். அதில் கார்லஸ் கொமமாலா என்பவரின் ஓவியம் வென்றது. அவர் அக்கழகத்தின் ஆட்டக்காரர்களுள் ஒருவர். இன்று உலகெங்கும் காணும் சின்னம் அவர் வகுத்த வடிவத்தின் வழிவந்ததே.

செஞ்சிலுவை, புனித ஜார்ஜின் சிலுவை. அவரைப் பார்சிலோனாவைத் தலைநகராகக் கொண்ட கட்டலோனியா தன் காவலராகப் போற்றுகிறது. அவருக்குரிய ஏப்ரல் 23ஆம் நாளில் அந்நாட்டு மக்கள் ஒருவருக்கொருவர் ரோஜா மலரும் நூலும் பரிசளித்துக் கொள்வார்கள்.

நான்கு செங்கோடுகள், கட்டலோனியக் கொடியின் கோடுகள். அவற்றைப் பற்றி ஒரு கதை உண்டு. போரில் புண்பட்டுக் கிடந்த வில்பிரட் என்னும் பிரபுவைக் காண அரசன் வந்தான். அவருடைய குருதியில் நான்கு விரல்களைத் தோய்த்துப் பொற்கேடயத்தின்மேல் இழுத்தான். அவையே அக்கோடுகள் என்பர். கேட்க இனிய கதை. ஆனால் வில்பிரட் இறந்தது 897இல். கேடயத்தில் குலச்சின்னம் தீட்டும் வழக்கமோ பன்னிரண்டாம் நூற்றாண்டில்தான் பரவியது. ஆகவே இது வரலாறு ஆகாது. எனினும், தம் கொடியைக் குருதியோடு சேர்த்து எண்ணிய ஒரு மக்களின் உள்ளத்தை இக்கதை காட்டுகிறது அன்றோ?

அவ்வாறு எண்ணக் காரணமும் இருந்தது. 1714ஆம் ஆண்டு செப்டம்பர் 11ஆம் நாள் பார்சிலோனா நகரம் ஸ்பெயின் மன்னரின் படைக்கு வீழ்ந்தது. கட்டலோனியாவின் பழைய சட்டங்களும் மன்றங்களும் அதன்பின் ஒழிக்கப்பட்டன. வீழ்ந்த அந்நாளையே அம்மக்கள் இன்று தம் தேசிய நாளாகக் கொள்கிறார்கள்.

இனி, ஆட்டக்களத்துக்கு வருவோம். 1925ஆம் ஆண்டு ஜூன் மாதம், பிரிமோ டி ரிவேராவின் சர்வாதிகாரக் காலத்தில், கழகத்தின் திடலில் ஸ்பெயின் அரச கீதம் இசைக்கப்பட்டபோது கூட்டம் சீழ்க்கையடித்தது. திடலை ஆறு மாதம் மூடுமாறு அரசு ஆணையிட்டது. கம்பர் தலைவர் பதவியை விட்டு விலக நேர்ந்தது. 1936இல் உள்நாட்டுப் போர் மூண்டது. அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் கழகத்தின் தலைவர் ஜுசெப் சுன்யோல், தளபதி பிராங்கோவின் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டார். 1939 ஜனவரியில் பார்சிலோனா பிராங்கோவின் கைக்குள் வந்தது. பள்ளியிலும் அரசு அலுவலிலும் கட்டலன் மொழி விலக்கப்பட்டது. வீட்டில் தாயிடம் கற்ற மொழி, வகுப்பறையில் வாய் திறக்கக் கூடாத மொழியாயிற்று!

அடுத்து ஆட்சியின் கை சின்னத்தின்மேல் விழுந்தது. அந்நியச் சொற்கள் கூடாதென்று, ஆங்கில முறையில் அமைந்த கழகத்தின் பெயர் 1941இல் ஸ்பானிய முறைக்கு மாற்றப்பட்டது. எப், சி, பி என்ற எழுத்துகள் இடம் மாறி, சி, எப், பி ஆயின. நான்கு செங்கோடுகள் இரண்டாகக் குறைக்கப்பட்டன. பந்தை எவரும் தொடவில்லை; பட்டைகளையும் தொடவில்லை. விளையாட்டு இருக்கலாம்; நினைவு இருத்தலாகாது என்பதே இதன் பொருள். படையும் சிறையும் உடைய ஓர் ஆட்சி, சட்டையின்மேல் இருந்த இரண்டு கோடுகளுக்கு அஞ்சியது என்றால், அக்கோடுகளின் வலிமையை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

1949இல் கழகம் பொன்விழாக் கண்டது. அப்போது நான்கு கோடுகளும் மீண்டும் சின்னத்தில் ஏறின. எழுத்துகள் பழைய வரிசைக்குத் திரும்ப 1974 வரை காத்திருக்க நேர்ந்தது. பிராங்கோ மறைந்தது அதற்கு அடுத்த ஆண்டில்தான்.

வரலாறு அத்துடன் முடியவில்லை. 2018ஆம் ஆண்டில் கழகத்தின் நிருவாகிகளே சின்னத்தை எளிமையாக்க விரும்பி, அம்மூன்று எழுத்துகளையும் நீக்கிய புதிய வடிவம் ஒன்றை முன்வைத்தார்கள். இக்கழகம் முதலாளி ஒருவருக்கு உரியதன்று, உறுப்பினர்களுக்கே உரியது. அவர்களிடையே எதிர்ப்பு எழுந்தது. அவ்வாண்டு அக்டோபரில் நடந்த பொதுக்கூட்டத்தில் நிருவாகிகள் தம் கருத்தைக் கைவிட்டனர். முன்பு வன்மையால் இடம்மாறிய எழுத்துகளை, அழகின் பெயரால் இழக்க உறுப்பினர்கள் இசையவில்லை.

இச்செய்தியைப் படித்தபோது எனக்கு நாணம் வந்தது. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் தலைமையாசிரியராக இருந்த பள்ளி ஒன்றின் சின்னத்தில் ஏட்டுச்சுவடிக்குக் கீழே ஒரு கிணறு இருந்தது. அது பழம்பாணியாகத் தோன்றவே, புதிய அச்சுக்குக் கொடுத்தபோது அதை நீக்கச் சொன்னேன். ஆண்டு விழாவுக்கு வந்த முதியவர் ஒருவர் அழைப்பிதழைக் கையில் வைத்துக்கொண்டு, "கிணறு எங்கே, ஐயா?" என்று கேட்டார். பள்ளி தொடங்கிய ஆண்டின் வறட்சியில், முதல் அணி மாணவர்கள் தம் கையாலேயே தோண்டிய கிணறாம் அது. தோண்டியவர்களுள் அவரும் ஒருவர். என்னை எந்த ஆட்சியும் ஏவவில்லை. என் அறியாமையே ஏவியது. மறு ஆண்டு கிணற்றை மீண்டும் சேர்த்தேன். அதைக் காண அவர் வரவில்லை.

ஆதலின், மாணவர்களே, உங்கள் சட்டைப்பையின்மேல் ஒரு சின்னம் இருக்குமாயின், நாளைக் காலையில் அதை ஒருமுறை உற்றுப் பாருங்கள். அதிலுள்ள ஒவ்வொரு கோட்டுக்கும் பொருள் என்ன என்று ஆசிரியரைக் கேளுங்கள். அவருக்குத் தெரியாவிடின், அப்பள்ளியில் பயின்ற முதியவர் ஒருவரைத் தேடிச் சென்று கேளுங்கள். அவர் இருக்கும்போதே கேளுங்கள்.