மஞ்சள், சிவப்பு, வெள்ளை

அப்பா அம்மா கல்யாண கேசட்டைப் போட்டுப் பாக்கலாம்னு போன வாரம் பரண்ல இருந்து வி.சி.ஆரை இறக்கினேன். புது டி.வி.க்குப் பின்னாடி எட்டிப் பாத்தா மஞ்சள் ஓட்டையே காணோம். இருந்ததெல்லாம் எச்.டி.எம்.ஐ. தான். கடைக்குப் போய் ஒரு கன்வெர்ட்டர் டப்பா வாங்கிட்டு வர்ற வழியில ஆரம்பிச்சது இந்த ஆராய்ச்சி.

மஞ்சள்-சிவப்பு-வெள்ளை முனைக்குப் பேரு ஆர்.சி.ஏ. பேர் வெச்ச கம்பெனி ரேடியோ கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்கா. 1930-கள்ல வந்தது. ரிக்கார்டு பிளேயரை ரேடியோவோட இணைக்கப் பயன்பட்டதால 'போனோ' பிளக்னும் சொல்லுவாங்க. நடுவுல ஒரு ஊசி, சுத்தி ஒரு வளையம், அவ்ளோதான். இதுல ஒரு கோளாறு உண்டு. செருகும்போது ஊசி முதல்ல தொட்டுடும், எர்த்தா இருக்கற வளையம் அப்புறம்தான் தொடும். ஆம்ப்ளிஃபயர் ஓடும்போது செருகினா ஸ்பீக்கர் 'ட்ர்ர்ர்'னு அலறுறது இதனாலதான். ஆனாலும் சல்லிசா செய்ய முடிஞ்சதால இத்தனை வருஷம் தாக்குப்பிடிச்சது.

மஞ்சள் ஒயர்ல வெளிச்சமும் கலரும் ஒண்ணா கலந்து போகும், பிரிச்சு எடுக்கறப்போ ஓரங்கள்ல கலர் ஊரும். 1987-ல எஸ்-வி.எச்.எஸ். கூட வந்த நாலு ஊசி எஸ்-வீடியோ ரெண்டையும் தனித்தனியா அனுப்புச்சு. அதுவரைக்கும் எல்லாமே படம் நல்லா தெரியணும்ங்கற இஞ்சினியர் கவலைதான்.

எச்.டி.எம்.ஐ.யில வேற ஒரு கவலையும் சேர்ந்துகிச்சு. 2002 டிசம்பர்ல ஏழு கம்பெனிகள் சேர்ந்து முதல் வடிவத்தை வெளியிட்டாங்க. 19 ஊசி, படம், சத்தம் ரெண்டும் ஒரே ஒயர்ல. சௌகரியம்தான், மறுக்கலை. ஆனா கூடவே இன்டெல் உருவாக்கின எச்.டி.சி.பி. பூட்டும் வந்துச்சு. பிளேயரும் டி.வி.யும் ரகசிய எண்களை வெச்சு ஒருத்தரை ஒருத்தர் சோதிச்சுக்கும். ஒத்துவரலைன்னா கறுப்புத் திரை. ஒயர் பாவம், அதுக்கு ஒண்ணும் தெரியாது.

2010 செப்டம்பர்ல அந்தப் பூட்டோட மூலச் சாவி இணையத்துல கசிஞ்சது. இன்டெல்லே ஒத்துக்கிச்சு. அதுக்கப்புறமாவது விட்டாங்களா? ப்ளூ-ரே உரிம விதிப்படி 2011-லிருந்து தயாரிக்கற பிளேயர்கள்ல அனலாக் வழியா பழைய தரப் படம்தான் வரணும். 2013-க்குப் பிறகு தயாரிச்சதுல அனலாக் வீடியோ வழியே கூடாது. ஆக, பிளேயர்ல மஞ்சள் ஓட்டை வயசாகிச் சாகலை, ஒப்பந்தம் போட்டு அடைச்சாங்க! (டி.வி.யில ஏன் போச்சுங்கறது வேற கதை.) திருடறவன் கையில சாவி, காசு கொடுத்து வாங்கினவன் முன்னாடி கறுப்புத் திரை. எனக்கு இது சுத்தமா ஒப்பலை.

சரி, கேசட்டுக்கு வருவோம். டப்பாவை மாட்டினதும் எந்தச் சாவியும் கேக்காம ஓடுச்சு. சரியா தாலி கட்டுற நேரத்துல டிராக்கிங் போய் திரை முழுக்க கோடு. நான் பதறிப்போய் ஒயரை ஆட்டினா, அம்மா சொல்றாங்க: "விடுடா, அந்த இடம் அப்பவே அப்படித்தான்" :-)